நாகர்கோவிலில் மனை வாங்குமுன் மறுகால் எங்கே என்று கேளுங்கள்

மே 9, ஒரு வாசகரின் கேள்வி

"நாகர்கோவிலைச் சுற்றியிருந்த வயல்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. நடந்தது நடந்துவிட்டது. இனிச் செய்ய வேண்டியது சாலைகளை அகலப்படுத்துவதும் இருபுறமும் நல்ல கான்கிரீட் வடிகால் கட்டுவதும்தான். குளம், சானல் (பாசனக் கால்வாய்), வயல் என்று பழங்கதை பேசிக்கொண்டிருந்தால் ஊர் வளருமா?"

மே 9, இரவு

வடிகால் கட்டுங்கள், நான் தடை சொல்லவில்லை. அது எங்கே போய் முடியும் என்று சொல்லிவிட்டுக் கட்டுங்கள். 22 ஆண்டுகளாக வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். புதிய குடியிருப்புகளில் நான் பார்த்த வடிகால்களில் பாதி, தெரு முனையில் ஒரு மதிலில் முட்டி நிற்கிறது. முட்டிய இடத்தில் மழைக்காலம் முழுவதும் குட்டை, கோடைக்காலம் முழுவதும் கொசு.

குளமும் சானலும் பழங்கதை இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் நகரத் திட்டமே அதுதான். யாரோ காகிதத்தில் போட்ட திட்டம் போலல்லாமல் மண்ணிலேயே வெட்டிவைத்த திட்டம். அதன்மேல் வீடுகளை வைத்துவிட்டு, இப்போது திட்டம் வேண்டும் என்று தேடுகிறோம்.

மே 10

நேற்றுக் கோபத்தில் எழுதினேன். இன்று பொறுமையாகச் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. பெருஞ்சாணி 1950-களில் வந்தது. அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பே பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பும் பாண்டியன் கால் இருந்தது. அணையிலிருந்து சானல், சானலிலிருந்து மடை, மடையிலிருந்து குளம், குளத்து மதகிலிருந்து வயல். குளம் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாயும். அந்த மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும். மேல் குளத்துக்கு மிச்சம், கீழ்க் குளத்துக்கு வரவு. இப்படி இறங்கி இறங்கிப் பழையாற்றில் சேர்ந்து, சுசீந்திரம் வழியாக மணக்குடிப் பொழியில் கடலைத் தொடும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் மாத்தூர்த் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் பறளியாற்றையே தாண்டித் தண்ணீரைச் சுமந்து போகிறது. இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீருக்கு வழி செய்த ஊர் இது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மூடினால் தண்ணீர் நின்றுவிடாது. பக்கத்து வீட்டுக்குள் போகும்.

வயலையும் விட்டுவிடக்கூடாது. வரப்பு கட்டிய வயல் ஒவ்வொன்றும் ஆழமில்லாத ஒரு குளம்தான். அரை அடி வரப்பு இருந்தால் ஓர் ஏக்கர் வயல் 60,000 லிட்டர் மழையை அப்படியே பிடித்து வைக்கும். அதை மண் போட்டு மேடாக்கி, சிமெண்ட் தளம் போட்டு, தளத்துக்குச் சரிவும் கொடுத்துத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளுகிறோம்.

2021 நவம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. தெற்கே இருக்கும் சாலை மேடுதான் காரணம், அணை போலத் தடுத்துவிட்டது.

மே 11

கணக்கில் பிழை. ஒரு கல்லூரி மாணவி சுட்டிக்காட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அரை அடியை 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 607 கன மீட்டர். அதாவது 6 லட்சம் லிட்டருக்கு மேல். நான் ஒரு சுழியைத் தவறவிட்டிருக்கிறேன். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி 50 வந்து நின்றால் எவ்வளவோ, அவ்வளவு மழையை ஓர் ஏக்கர் வயல் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஐம்பது ஏக்கர் ஏலா ஒன்று மனையானால் 3 கோடி லிட்டர் தண்ணீர் தங்க இடமின்றித் தெருவுக்கு வருகிறது. எந்தக் கான்கிரீட் வடிகால் இதை வாங்கும்?

பிழையைத் திருத்திய பிறகு என் வாதம் பத்து மடங்கு கனத்துவிட்டது.

மே 13

"வயல்காரன் மட்டும் காலமெல்லாம் நஷ்டத்தில் நெல் போட்டு ஊருக்கு வெள்ளம் தாங்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோவாளைப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருப்பவராம்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. என் அம்மா வழியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும், அதாவது இரண்டு போக நெல்லும், விளைவித்த குடும்பம். மாமா விற்றபோது நானே போய் மனை பிரித்துக் கொடுத்தேன். அவருக்கு மகள் கல்யாணம், எனக்குத் தொழில். அன்று அவரிடம் "விற்காதீர்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2008-இலிருந்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தச் சர்வே எண் வயல், எது நீர்நிலம் என்று ஊர்தோறும் பதிவேடு வைக்க வேண்டும். அதைக் கண்காணிக்கும் குழுவில் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோருடன் விவசாயிகளும் உட்காருகிறார்கள். அங்கேயும் மீறல் உண்டு, வழக்கு உண்டு. இருந்தாலும் எது வயல் என்பதற்கு ஊரறிந்த பட்டியல் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே ஆட்சியில் இருந்தவர்கள். ஒரே மழை, ஒரே மண். எல்லைக்கு இந்தப் பக்கம் நெல்வயலுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வயல்காரருக்கு வெள்ளம் தாங்குவதற்கான கூலியை ஊர் கொடுக்கட்டும். அதை மானியம் என்று சொல்லாமல் கூலி என்றே சொல்லட்டும்.

மே 14

இரண்டு வரி மட்டும். மேலே ஏலா என்று எழுதியது சிலருக்குப் புரியவில்லை. நாஞ்சில் நாட்டார் வயல், பத்து என்பார்கள். விளவங்கோட்டுக்காரர்கள் பள்ளத்தாக்கில் நீளமாகக் கிடக்கும் நெல்வயல் பரப்பை ஏலா என்பார்கள்.

மே 18

மே 10 அன்று எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது.

சாலை மேடுதான் காரணம் என்று சொன்னேன் அல்லவா? எழுதிய நாளிலிருந்தே மனது உறுத்தியது. சாலையை நேரில் போய்ப் பார்த்தேன். அதற்கடியில் பெரிய பாலக்கண் ஒன்று இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. அப்படியானால் 2021-இல் தண்ணீர் ஏன் அங்கே போய்ச் சேரவில்லை?

என் மனையின் புல வரைபடத்தை, அதாவது சர்வே நில அளவுப் படத்தை, எடுத்தேன். ஆயிரம் பேருக்கு இந்த வரைபடத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த மனைக்கு, வாங்கிய 2004-க்குப் பிறகு ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை. மேசையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தேன். வடக்கிலிருந்து தெற்காக இரட்டைக் கோடு. ஓடை. அகலம் 2.4 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோடு எங்கள் தெருவின் கிழக்கு வரிசை வீடுகளின் பின்புற மதிலை ஒட்டியே இறங்குகிறது. என் வீடு அந்த வரிசையில் நான்காவது.

பின்புறம் போய் நின்று பார்த்தேன். 2.4 மீட்டர் ஓடை இருந்த இடத்தில் முக்கால் அடி அகலத்தில் ஒரு சிமெண்ட் வாய்க்கால். மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் இடையே அதுவும் இல்லை. மனை பிரித்தவர் மண்ணுக்கடியில் ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே நான் போட்ட துணி துவைக்கும் கல். குழாயின் வாயில் தேங்காய் மட்டை அடைத்திருந்தது. கையை விட்டு இழுத்தேன். பின்னால் கறுத்த சேறு வந்தது, ஒரு குழந்தைச் செருப்பும் வந்தது.

அந்த நவம்பர் இரவு தண்ணீர் முதலில் தெருவழியாக வரவில்லை, பின்புறக் கழிவறை வழியாகத்தான் வந்தது. அன்றே அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டார். அரிசிப் பானையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிலைப்படிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். இரண்டு நாள் வடியவில்லை. வடிந்தபோது தரை ஓடுகள் பன்னிரண்டு கிளம்பியிருந்தன. அன்று ஊரெல்லாம் சாலையைத் திட்டியது. நானும் திட்டினேன்.

சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் குளத்தில் மண் கொட்டப்படுவதை எதிர்த்து இந்த மாவட்டத்தில் பலர் போராடியிருக்கிறார்கள். அது நியாயமான போராட்டம், அதைக் குறைத்துப் பேசவில்லை. என் வீட்டு விஷயத்தில் மட்டும் காரணம் என் மதிலுக்குப் பின்னால் இருந்தது.

மே 20

அப்படியென்றால் மனை வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லோரும் பார்க்கிறீர்கள். புல வரைபடத்தில் இரட்டைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) பக்கத்து எண்கள் ஓடைப் புறம்போக்கா, குளமா என்று பாருங்கள். பிறகு அந்தப் பகுதியில் வயல் வேலை செய்த வயதானவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, இங்கே குளம் நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று கேளுங்கள். அவர் கையை நீட்டிக் காட்டும் திசையில் மனை வாங்காதீர்கள். மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். மனை விற்பவர்கள் கோடையில்தான் கூட்டிப் போவார்கள்.

ஊர்ப் பெயர்களும் உதவும். பெருவிளை, வடலிவிளை என்று விளை சேர்ந்தால் மேட்டுநிலம், தென்னையோ பனையோ நின்ற இடம். கணியாகுளம் என்றால் குளம். பள்ளம் என்றால் பள்ளம்.

மே 21

"ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே நிற்கிறதே" என்கிறார் ஒருவர். சரி. பெயரை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. பெயர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பட்டும், தீர்ப்பை மேடு பள்ளம் அளக்கும் மட்டக்கோல் சொல்லட்டும்.

மே 24

சட்டம் பற்றிக் கேட்டவருக்கு.

நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அங்கீகாரமில்லாத மனைகள் பல்லாயிரம் விற்றன. 2016-இல் உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி கிடைத்தது. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைவலியாக நினைத்தார்கள். ஊருக்கு அது ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மனையாகத் திரும்பிப் பார்த்து, எங்கே ஓடை மறைந்தது என்று குறித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பு. பெரும்பாலும் கட்டணம்தான் கணக்கில் நின்றது, ஓடை நிற்கவில்லை.

திறந்தவெளி விதியும் இருக்கிறது. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலைக்கு விட்டது போகப் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும், அல்லது 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடான பணம் கட்ட வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 74 சென்ட். நம் பக்கம் சொத்துகள் சிறியவை, பாகம் பிரிந்து பிரிந்து வந்தவை. எழுபது சென்ட், அறுபது சென்ட் என்று தனித்தனியாக வரைபடம் வரும். பக்கத்துப் பக்கத்தில் நான்கு மனைப்பிரிவு, நூறு வீடு, பிள்ளைகள் விளையாட ஒரு சென்ட் கிடையாது. சென்னைக்குப் பொருத்தமான அளவுகோல் ஐந்து சென்ட் ஊருக்குப் பொருந்துமா? இந்த மாவட்டத்துக்கு வரம்பைக் குறைக்க வேண்டும். அல்லது அருகருகே வரும் மனைப்பிரிவுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒதுக்கும் இடத்தை மூலையில் முள்காடாக விடாமல், ஓடைக் கரையை ஒட்டியே ஒதுக்கச் சொல்ல வேண்டும். ஓடைக்கு மூச்சு விட இடமும் கிடைக்கும், மாலையில் நடக்க ஒரு பாதையும் கிடைக்கும்.

மே 25

மேலே எழுதியதைப் படித்த ஒரு பொறியாளர், "மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்தே கட்டாயம்தானே, அதைச் சொல்லவில்லையே" என்றார். சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. நான் போட்ட ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தக் குழி இருக்கிறது. கட்டிய வீடுகளில் போய்ப் பார்த்தால் குழாய் குழிக்குள் இறங்கும், குழி மண்ணால் நிறைந்திருக்கும், மேலே ரோஜாத் தொட்டி இருக்கும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,290 லிட்டர். (இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்தேன்.) ஆண்டுக்கு ஒருமுறை குழியைத் தூர் வாருகிறவர்களுக்கு அது கிணற்றுக்குப் போகிறது. மற்றவர்களுக்குத் தெருவுக்குப் போகிறது.

மே 28

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்டத்தின் தொகை 18,70,374. அதில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார் என்று கணக்கு. வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, அயினி மரத்தடியில், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பவரும் நகரவாசிதான். ஏனென்றால் அவர் இருப்பது பேரூராட்சி. ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன.

இதனால் என்ன ஆயிற்று தெரியுமா? கிராம சபை ஊராட்சிகளுக்குத்தான். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பேரூராட்சிக்காரருக்கு அது இல்லை. குளத்தங்கரையில் குடியிருந்தாலும், குளத்தைப் பற்றி எழுந்து நின்று பேச ஒரு சபை இல்லாமல் பல ஆண்டுகள் போய்விட்டன. அக்கம்பக்கத்துக் கிராம ஊராட்சியில் "ஓடையை ஏன் மூடினீர்கள்" என்று கேட்டுத் தீர்மானம் எழுதலாம். இங்கே கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று மனு கொடுக்க வேண்டும். மாவட்டத்தில் பெரும்பாலோருக்கு 2022 வரை இதுதான் நிலைமை.

2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. இதை நான் பெரிய செய்தியாக நினைக்கிறேன். நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டுகள். பகுதி சபை ஒவ்வொன்றும் தன் பகுதியின் நீர்வழியை ஒரு தாளில் வரைந்து சுவரில் மாட்டினால், அதுதான் இந்த ஊரின் முதல் நகரத் திட்டம்.

மே 29

நேற்று எழுதியதில் ஒரு குறை. வார்டு எல்லை தெருவைப் பார்த்துப் போடப்படுகிறது. குளத்தின் மேல்கரை ஒரு வார்டு, மறுகால் வேறு வார்டு, அது சேரும் குளம் பக்கத்து ஊராட்சி. ஒரே தண்ணீருக்கு மூன்று சபை. மூன்றும் தனித்தனியே கூடினால் ஒருவரை ஒருவர் குறை சொல்வதில் நேரம் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பு, ஒரு குளத்தைச் சேர்ந்த எல்லாரும் அந்தக் குளத்தங்கரையிலேயே கூட வேண்டும். பாசனத்தார், மீன் ஏலம் எடுத்தவர், தாமரை வளர்ப்பவர், குளிக்க வருகிறவர், புது மனைக்காரர் எல்லாரும். என் வேண்டுகோள் இவ்வளவுதான்: வார்டு வாரியாகப் போடும் திட்டத்தைக் குளம் வாரியாகப் போடுங்கள்.

ஜூன் 2

கடற்கரைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "உங்கள் பேச்செல்லாம் வயலும் குளமும்தான். எங்கள் ஊரில் ஒரு சென்டில் வீடு, வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. எங்களுக்கு என்ன திட்டம்?"

நான் மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த மாவட்டத்தில் ஊர் என்பது மூன்று வகை. நாஞ்சில் நாட்டில் தெருவாகச் சேர்ந்திருக்கும் வீடுகள், சுற்றிலும் வயல். மேற்கே ஒவ்வொரு வீடும் ஒரு விளைக்குள் தனியாக, இடையே மண்மதிலுக்கு நடுவில் இறங்கும் இடவழி. கடற்கரையில் நீரோடியிலிருந்து வரிசையாக நெருக்கமான மீனவ ஊர்கள். மூன்றுக்கும் ஒரே விதிப்புத்தகத்தை நீட்டுகிறோம். முதல் வகைக்கு வயலைக் காக்க வேண்டும். இரண்டாவதற்கு இடவழியைக் காக்க வேண்டும். அது நடைபாதை மட்டுமில்லை, மழை இறங்கும் வழியும் அதுதான். அதைக் கான்கிரீட் போட்டு மூடினால் கீழே இருப்பவர் கிணறு வற்றும், வாசல் நனையும்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்லக் கடற்கரைக்காரர்களுக்குத்தான் தகுதி. 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் என்ன பாடுபட்டன என்று நமக்குத் தெரியும். மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின் கடலுக்குத் தள்ளி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஒரு குடியிருப்புக்கு அளவு எடுக்கப் போயிருந்தேன். ஓர் அம்மா என்னிடம், "வாசலில் நின்றால் கடல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "அப்படியானால் அவர் திரும்பி வருகிறாரா என்று நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றார். நான் அந்த வரைபடத்தில் சமையலறையின் நீள அகலம், காற்றோட்டம் எல்லாம் பார்த்திருந்தேன். இதைப் பார்க்கவில்லை. ஒக்கிப் புயல் 2017-இல் வந்தபோது அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வலை காய வைக்க இடம், மீன் தரம் பிரிக்க இடம், கடலைப் பார்க்க ஒரு வாசல். இவை வரைபடத்தில் இல்லாத வீட்டை அவர்கள் பூட்டிவிட்டுக் கரைக்கே திரும்புவார்கள்.

ஜூன் 4

"குளத்தைப் பூங்காவாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டு, விளக்கு வைத்தால் என்ன?" வைக்கலாம். ஆனால் கரையில் கான்கிரீட் பூசுமுன், அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரும் கால்வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலையும் வேம்பனூரும் 2022-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. முதலாவது 94 ஹெக்டேர், இரண்டாவது 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டுப் பறவைகள் விளக்கைப் பார்த்து வந்தா இறங்குகின்றன? சேறும் சிறு மீனும் வயலும் சேர்ந்திருப்பதைப் பார்த்து இறங்குகின்றன. இந்த நீர்நிலைகள் மனிதர் வெட்டியவை, மனிதர் பாசனம் செய்பவை. உலகம் மதிப்பது நம் பாட்டன்களின் மண்வெட்டி வேலையை.

ஜூன் 8

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். நீளமாக எழுதுவேன்.

மே 18 குறிப்பை அச்செடுத்து, புல வரைபட நகலையும் சேர்த்து, கிழக்கு வரிசை பதினேழு வீட்டுக்கும் கொண்டு போனேன். மூன்று வீட்டில் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு மூடிவிட்டார்கள். ஒருவர், "இதைக் காட்டி என் மதிலை இடிக்கப் பார்க்கிறீர்களா?" என்றார். ஏழாவது வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டை விரலால் தடவி, "இது என் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே போகிறதே, தம்பி" என்றார். அன்று மாலையே தன் மகளிர் குழுவைக் கூட்டிவிட்டார். நான் பேசினால் சொத்துத் தகராறு, அவர் பேசினால் ஊர்க்காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். மண்வெட்டி ஒன்பது, கடப்பாரை இரண்டு, வாடகைக்கு ஒரு சிறு லாரி. மூன்று லோடு போயிற்று. முதல் லோடு பிளாஸ்டிக்கும் குழந்தை அணையாடையும் பெயிண்ட் வாளியும். இரண்டாவது கட்டட இடிபாடு. மூன்றாவதுதான் வண்டல். கறுப்பாக, நெய் மாதிரி வழவழவென்று, வயல் வாசனையோடு. ஆசிரியை அதில் ஒரு கூடையைத் தன் மல்லிகைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபது ஆண்டுகளாக இந்தத் தெருவில் இருக்கிறேன். நான்கு அடி தோண்டினால் கும்பப்பூ வாசனை வரும் என்று எனக்குத் தெரியாது.

துணி துவைக்கும் கல்லை நானே உடைத்தேன். ஆறு அங்குலக் குழாயை எடுத்துவிட்டு, இரண்டு அடி விட்டமுள்ள சிமெண்ட் உருளை நான்கு போட்டோம். 2.4 மீட்டர் ஓடைக்கு அது போதாது. என் மதிலை இரண்டு அடி உள்ளே தள்ளிக் கட்டப்போகிறேன். மற்றவர்களை இப்போது கேட்கவில்லை.

தீராத விஷயம் பன்னிரண்டாவது வீட்டுச் சாய்தளம். கார் ஏற்றுவதற்காக வடிகால்மேல் கான்கிரீட் போட்டு, அடியில் குழாயும் விடாமல் அடைத்திருக்கிறார். "உடைத்தால் என் வண்டி எங்கே நிற்கும்?" என்கிறார். அவர் கேட்பதும் தவறில்லை. இரும்புக் கம்பித் தட்டி போட்டுக் கீழே தண்ணீர் போக விடலாம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். செலவைத் தெருவே ஏற்கிறோம் என்றும் சொன்னோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

ஜூன் 11

வீடு கட்ட வந்த ஒருவரிடம் இன்று முதல்முறையாக ஐந்தாவது தாள் ஒன்றைக் கொடுத்தேன். தரைத்தளம், மேல்தளம், வெட்டுத்தோற்றம், முகப்பு ஆகியவற்றோடு, மனையைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கும் குளம், ஓடை, மறுகால், மேடு பள்ளம் எல்லாம் குறித்த தாள். அவர் ஏழு சென்ட் மனையை நான்கு அடி செம்மண் போட்டு உயர்த்த நினைத்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. "இது என் பெரியப்பா வீடு அல்லவா?" என்று பக்கத்து மனையைக் காட்டினார். ஆமாம், நீங்கள் உயர்த்தினால் தண்ணீர் அங்கே போகும் என்றேன். இப்போது தூண்மேல் வீட்டை ஏற்றி, கீழே வண்டி நிறுத்தி, கிழக்கே மூன்று அடி விட்டுக் கட்டுவதாகப் பேச்சு. செம்மண் லோடு மிச்சம். கம்பிச் செலவு கூடும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிமார் இங்கே படித்தால், அந்த ஐந்தாவது தாளை நீங்களும் போடுங்கள். அரை நாள் வேலைதான்.

ஜூன் 12

கேள்வி கேட்ட முதல் வாசகர் திரும்பி வந்திருக்கிறார். "வடிகால் வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன், நீங்களும் கடைசியில் வடிகால்தானே வெட்டினீர்கள்?" என்கிறார். உண்மை, வெட்டினோம். ஓடை இருந்த இடத்தில் வெட்டினோம். நீங்கள் உங்கள் தெருவின் புல வரைபடத்தை எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஜூன் 19

இடவப்பாதி பிடித்துவிட்டது. இரண்டு நாளாக விடாத மழை. ஆசிரியை குளத்துப் படித்துறையில் தண்ணீர் எத்தனை படி நிற்கிறது என்று ஒரு நோட்டில் தினமும் எழுதி வருகிறார். இன்று காலை மறுகால் விளிம்புக்கு இரண்டு படி கீழே. என் பின்புற உருளையில் தண்ணீர் முக்கால் பங்கு ஓடுகிறது, தெளிவாக, சத்தத்தோடு. அம்மா பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டாவது வீட்டுக்கு முன்னால் மட்டும் கணுக்கால் அளவு தேங்கி நிற்கிறது. கம்பித் தட்டிக்கு அளவு எடுக்க இன்று மாலை வரச் சொல்லியிருக்கிறார்.